பழைய தேதியில் ஒரு கையெழுத்து

"மேடம், துன்பியல் நாயகன் பாடத்துக்கு உங்க பழைய நோட்ஸ் இருந்தா கொடுங்களேன்" என்று, என்னிடம் படித்து இப்போது நீங்களே பாடம் நடத்தும் உங்களில் ஒருவர் சென்ற மாதம் என் வீடு தேடி வந்து கேட்டார். யார் என்று சொல்லமாட்டேன், பாவம். காப்பி போட்டுக் கொடுத்தேன், நோட்ஸ் கொடுக்கவில்லை. கிழவிக்கு இவ்வளவு கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டே படியிறங்கியிருப்பார். ஏன் கொடுக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அந்த நோட்ஸில் என்ன இருக்கிறது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். பெரிய இடத்து மனிதன். நல்லவன், ஆனால் குறையே இல்லாதவன் அல்ல. தெரியாமல் ஒரு பிழை செய்கிறான். அந்தப் பிழை அவனைக் கீழே தள்ளுகிறது. விழுந்த பிறகு உண்மை அவனுக்குத் தெரிகிறது. பார்க்கிற நமக்கு இரக்கமும் பயமும் வருகிறது. இதை நான் மெதுவாகச் சொல்ல, பிள்ளைகள் தலை நிமிராமல் எழுதிக்கொள்வார்கள். ஆண்டு தவறாமல் வரும் கேள்வி. பத்து மதிப்பெண். பல வருஷம் இப்படியே ஓட்டினேன், கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. எண்பதுகளின் கடைசி. அருப்புக்கோட்டைப் பக்கம் நான் வேலை பார்த்த கல்லூரியில் எங்கள் ஆங்கிலத் துறைத் தலைவராக இருந்தவரைப் பற்றித்தான் சொல்கிறேன். பெயர் வேண்டாம். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சட்டை, சைக்கிள். ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் நாங்களெல்லாம் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் மணி அடிக்கும் முன் வந்ததாகத்தான் எழுதுவோம். அவர் இரண்டு நிமிஷம் பிந்தினாலும் தன் பெயருக்கு எதிரே "தாமதம்" என்று தானே எழுதிக்கொள்வார். சைக்கிளில் காற்று இறங்கிவிட்டது என்று ஒரு சாக்கு கூட எழுதமாட்டார். நாங்கள் பின்னால் சிரிப்போம். நான்தான் அதிகம் சிரித்தவள்.

அவரைப் பார்த்து நாங்கள் சிரிப்பதை நிறுத்திய நாள் ஒன்றும் உண்டு. கல்லூரி வேலையாக வெளியூர் போகும் மாணவர்களுக்கு ஓ.டி. சீட்டு என்று ஒன்று கொடுப்போம். பொறுப்பாசிரியர் பெயர்களை எழுதுவார், துறைத் தலைவர் கையெழுத்திடுவார், அலுவலகத்தில் பதிவார்கள். அந்த நாட்களில் மாணவர் வகுப்புக்கு வந்ததாகக் கணக்கு. கல்லூரிச் செயலாளர் டவுனில் மொத்த வியாபாரம் செய்கிறவர். அவருடைய தம்பி மகன் எங்கள் துறையில் படித்தான், படித்தான் என்றால் பெயர் இருந்தது. வருகை நாள் குறைந்துபோய்ப் பரீட்சை எழுத முடியாது என்றானதும், எங்கேயோ கிரிக்கெட் ஆடியதாக ஒரு ஓ.டி. சீட்டோடு வந்தான். பழைய தேதி போட்டிருந்தது, மை மட்டும் புதிது. செயலாளரே கூட வந்து நின்றார்.

"நிகழ்ச்சி முடிஞ்ச பிறகு வர்ற சீட்டுல என் கையெழுத்து விழாதுங்க. என் மகளா இருந்தாலும் விழாது" என்றார் தலைவர். குரலை உயர்த்தவில்லை. பையனுக்கு அந்த வருஷம் போயிற்று. செயலாளர் படியிறங்கிப் போனார். வராந்தாவில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்களுக்கெல்லாம் ஒரு முழம் வளர்ந்த மாதிரி இருந்தது. இந்த மனிதருக்குக் கீழே வேலை பார்க்கிறோம் என்று வீட்டில் போய்ப் பெருமையடித்துக்கொண்டோம். பெரிய இடத்து மனிதன் என்று நோட்ஸில் இருக்கிறதே, அதற்கு அரண்மனை தேவையில்லை என்று இப்போது தெரிகிறது.

இனி அந்த வெள்ளிக்கிழமை. ஆண்டுப் பரீட்சைக்கு முந்தைய வாரங்கள். நாள் குறைந்தவர்கள் பட்டியல் வியாழன் மாலை பலகையில் ஒட்டப்பட்டது, வெள்ளி காலை முதல் பஸ்ஸில் ஆள் மூலம் மதுரைக்குப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. திருத்தம் ஏதும் இருந்தால் அன்று மாலை ஐந்து மணிதான் கடைசி. அதில் எங்கள் துறையில் ஒரே ஒரு பெயர், முத்துமாரி. கடைசி வருஷ மாணவி.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பெண். அப்பா வேலிமுள் வெட்டிக் கரிமூட்டம் போட்டு அடுப்புக்கரி விற்கிறவர். மிளகாய்ப் பழம் எடுக்கும் காலத்தில் இவள் கூலிக்குப் போவாள், வகுப்புக்கு வரமாட்டாள். அது எங்களுக்குத் தெரியும். ஆனால் எவ்வளவு நாள் போகலாம் என்பதை அவள் விரல்விட்டு எண்ணித்தான் போவாள். அந்தக் கணக்கு தப்பாது.

நான் காலையில் வந்து இறங்கியதும் வாசலிலேயே நின்றிருந்தாள்.

"மிஸ், மூணு நாளு குறையுதுங்காக. எனக்குக் குறையாது மிஸ். மதுரைக்கு நாடகப் போட்டிக்குக் கூட்டிட்டுப் போனீகள்ல, அந்த மூணு நாளு எங்க போச்சு?"

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. தை மாதம் கல்லூரிகளுக்கிடையே நாடகப் போட்டி. நான்தான் பொறுப்பாசிரியை. ஐந்து பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். மற்ற நால்வருக்கும் நாள் தாராளமாக இருந்ததால், அந்த மூன்று நாள் விட்டுப்போனதை யாரும் கவனிக்கவில்லை. விளிம்பில் நின்றவள் இவள் ஒருத்திதான், விழுந்தவளும் இவள்தான்.

"அப்பா மூணு வருசம்னுதான் விட்டாரு மிஸ். நாலாவது வருசம்னு போயி நிக்க முடியாது. சித்திரையில அத்தை மகனுக்குப் பேசி முடிச்சிருவாக. அந்த ஆளு எட்டாப்பே தாண்டல." அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நேரே அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் சீனிச்சாமி பதிவு நோட்டைப் புரட்டினார். தை மாதத்தில் எங்கள் துறையிலிருந்து ஓ.டி. சீட்டு எதுவும் வந்ததாக இல்லை. சீனிச்சாமி தற்காலிக வேலையில் இருந்தவர், நோட்டு அவருக்கு உயிர். "வந்திருந்தா ஏறியிருக்கும் மேடம். எங்கிட்ட வரலை" என்றார். சொல்லும்போதே அவருக்கு வியர்த்தது.

தலைவரிடம் போனேன். விஷயத்தைச் சொன்னேன். எழுந்தே விட்டார். கோபம் இல்லை, முகம் சுண்டிப்போனது. "அந்தப் புள்ளையா? நாடகத்துல அவ்வளவு நல்லா நடிச்ச புள்ளையா?" என்று இரண்டு முறை கேட்டார். உடனே நான், "புதுசா ஒரு சீட்டு எழுதித் தாரேன் சார், கையெழுத்துப் போடுங்க" என்றேன். சொன்ன மறுநொடியே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அதுக்குப் பேரு என்னம்மா? போன வருஷம் அந்தப் பையன் கொண்டுவந்தானே, அதுதானே?"

"இவ நிஜமாவே போனா சார்."

"நிஜமாப் போனாங்கறது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சீட்டு வேணும். நீங்க அன்னைக்கே எழுதினீங்களா?"

எழுதினேன் என்றேன். அது நிச்சயம். என் கையால் ஐந்து பெயர்களும் எழுதியது கண் முன்னால் நிற்கிறது. "அந்தச் சீட்டு கிடைச்சா போதும். போறதுக்கு முன்னாடியே கேட்டிருக்கோம்னு அதுவே சாட்சி. அதைத் தொலைச்சது யாருன்னு பாத்துருவோம்" என்றார்.

துறையின் மற்ற ஆசிரியர்கள் ஐந்து பேரையும் வரச்சொன்னார். சீனிச்சாமியையும் கூப்பிட்டார். பதிவு நோட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார். ஒரு தாள் கிழிக்கப்படவில்லை, ஓர் எண் விடுபடவில்லை. "உங்க மேல தப்பு இல்ல, போங்க" என்றார். சீனிச்சாமி கும்பிட்டுவிட்டுப் போகாமல் ஓரமாக நின்றுகொண்டார். அப்புறம் அந்தக் குரலை உயர்த்தாத மனிதர் குரலை உயர்த்தினார்.

"ஒரு ஏழைப் புள்ளையோட வருஷத்தை அலட்சியமாத் தொலைச்சிருக்காங்க. யாரா இருந்தாலும் சரி, அந்த ஆள் இந்தத் துறையில இனி வேலை பார்க்கக் கூடாது. ராஜினாமாக் கடுதாசியை நான் கையில வாங்கித்தான் விடுவேன். இது என் வார்த்தை."

பிள்ளைகளே, அடுத்த கேள்வி எனக்குத்தான் என்று தெரியும். "சீட்டை எழுதி யார்கிட்ட கொடுத்தீங்க?" என்றார். உங்களிடம்தான் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் கொடுத்த காட்சி நினைவில் இல்லை. எழுதியது ஞாபகம் இருக்கிறது. பஸ்ஸுக்கு ஓடியது ஞாபகம் இருக்கிறது. நடுவில் ஒன்றுமே இல்லை. என் மேஜையில் கிடந்து குப்பையோடு போயிருந்தால்? என் கைப்பையோடு வீட்டுக்குப் போயிருந்தால்?

"உங்ககிட்டதான் சார்னு நினைக்கிறேன்" என்றேன்.

"நினைக்கிறீங்களா, தெரியுமா?"

ஐந்து பேரும் தரையைப் பார்த்தார்கள். "விசாரணையை விட்டுருவோம் சார். முதல்ல புள்ளைக்கு என்ன செய்யறதுன்னு பாப்போம்" என்று கெஞ்சினேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் கெஞ்சினேன், வேறு நல்ல எண்ணமெல்லாம் கிடையாது. "ரெண்டும் ஒண்ணுதாம்மா. சீட்டு கிடைச்சாதான் புள்ளைக்கு வழி. யாருன்னு தெரியாம நான் விடமாட்டேன்" என்றார். எல்லோரையும் மேஜை, அலமாரி எல்லாம் தேடச் சொன்னார்.

என் மேஜையைக் கவிழ்த்தே பார்த்துவிட்டேன். இல்லை. பதினொன்றேகாலுக்கு எனக்கு மூன்றாம் ஆண்டு வகுப்பு. என் பாடப்புத்தகத்தை வீட்டிலேயே விட்டு வந்திருந்தேன். வழக்கம்போலத் தலைவர் மேஜையிலிருந்து அவருடைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். நாடகப் பாடம்தான், துன்பியல் நாயகன்தான், பரீட்சைக்கு முந்தைய திருப்புதல்.

மூன்றாவது பெஞ்சில் முத்துமாரி உட்கார்ந்திருந்தாள். எழுத முடியாத பரீட்சைக்கு நோட்டைத் திறந்து வைத்திருந்தாள். "நீ ஏம்மா வந்த?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். "பன்னெண்டே முக்காலுக்குத்தான் மிஸ் எங்க ஊரு பஸ்ஸு. அது வரைக்கும் எங்க உக்காருறது?" என்றாள்.

மூன்றாம் காட்சியைத் திறந்தேன். பக்கங்களுக்கு நடுவே நான்காக மடித்த ஒரு தாள். பிரித்தேன். என் கையெழுத்து. ஐந்து பெயர்கள், தை மாதத் தேதி, கீழே தலைவர் கையெழுத்துக்கான இடம் காலியாக. பின்பக்கம் பென்சிலில் அவருடைய சின்னச் சின்ன எழுத்து: "இந்த இடத்தை இன்னும் நிதானமாக நடத்த வேண்டும்."

இப்போது எல்லாம் ஞாபகம் வந்தது. அவர் வகுப்புக்குள் நுழையும்போது வாசலில் வைத்து நீட்டினேன். "வச்சிட்டுப் போங்கம்மா, முடிச்சிட்டுப் போடுறேன்" என்றார். நான் பஸ்ஸுக்கு ஓடினேன். அவர் பாடத்தில் மூழ்கியவர், கையில் இருந்த தாளைப் பக்க அடையாளமாக வைத்துவிட்டார்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்கமாட்டேன். நான் இல்லை, அப்பாடா, நான் இல்லை. அரை நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம்தான் அந்த மனிதர் காலையில் ஐந்து பேர் முன்னால் சொன்ன வார்த்தை காதில் விழுந்தது. யாரா இருந்தாலும் சரி. நாற்பது பிள்ளைகள் என்னையே பார்க்கிறார்கள். தான் தேடும் குற்றவாளி தான்தான் என்று தெரியாத அந்த நாடகத்து ராஜாவைப் பற்றிப் பல வருஷமாகச் சளைக்காமல் நோட்ஸ் சொன்னவள் நான். சீட்டைத் திரும்ப வைத்துப் புத்தகத்தை மூடினேன். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். முத்துமாரி எழுந்து நின்றாள்.

வராந்தாவில் நின்று யோசித்தேன். சீட்டைக் காட்டாவிட்டால் முத்துமாரி போய்விடுவாள். காட்டினால் இவர் போய்விடுவார், இவரை எனக்குத் தெரியும். ஒரு வழிதான் தோன்றியது. அறைக்குள் போய்ச் சீட்டை மட்டும் நீட்டினேன்.

"கிடைச்சிருச்சு சார். என் பையில்தான் இருந்திருக்கு. மன்னிச்சிருங்க."

என்னை வேலையை விட்டு அனுப்பமாட்டார், திட்டிவிட்டு மன்னித்துவிடுவார் என்று கணக்குப் போட்டிருந்தேன். அவர் சீட்டை வாங்கினார். பெயர்களைப் பார்த்து முகம் மலர்ந்தது. "நல்லவேளைம்மா, புள்ளை தப்பிச்சா" என்றார். அப்புறம், எதற்கென்றே தெரியாமல், தாளைத் திருப்பினார்.

நெடுநேரம் அந்தப் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நீங்க பொய் சொல்றீங்கம்மா. அதையும் சரியாச் சொல்லத் தெரியலை" என்றார். குரல் பழையபடி தணிந்திருந்தது.

நான் அழுதுகொண்டே பேசினேன். "தை மாசத் தேதியைப் போட்டு இப்பவே கையெழுத்துப் போட்டுருங்க சார். சீனிச்சாமிகிட்டச் சொல்லி நோட்டுல ஏத்திடலாம். அந்த ஆள் நமக்காகச் செய்வாரு. சீட்டு நிஜம், போனதும் நிஜம். தேதி ஒண்ணுதானே சார்."

"அந்தப் பையனுக்கும் அது ஒண்ணுதானே குறைஞ்சது?" என்றார்.

"அவன் ஆடவே இல்லையே சார்!"

"அதை நான் விசாரிக்கலையேம்மா. தேதியைப் பாத்துத்தானே திருப்பி அனுப்பினேன்."

அவர் காலையில் கூப்பிட்ட அதே ஐந்து பேரையும் சீனிச்சாமியையும் கூப்பிட்டார். "சீட்டைத் தொலைச்ச ஆளைக் கண்டுபிடிச்சாச்சு. நான்தான்" என்றார். பிறகு சீட்டின் அடியில் அன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டார். தனித்தாளில், உரிய நேரத்தில் தன்னிடம் வந்த சீட்டைத் தன் கவனக்குறைவால் கையெழுத்திடாமல் வைத்துவிட்டதாகவும், மாணவி மேல் தவறில்லை என்றும் எழுதினார். சைக்கிளைக் கூட எடுக்கவில்லை, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினார். ஐம்பத்து நாலு வயசு மனிதர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியதைக் கல்லூரியே பார்த்தது. நானும் பின்னால் ஓடினேன்.

மதுரை பஸ் ஒன்றரை மணிக்குத்தான் வந்தது, வழியில் மிளகாய் மூட்டை ஏற்ற ஒரு இடத்தில் இருபது நிமிஷம் நின்றது. எனக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. அவர் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "காலையில கோபத்துல சொன்னதை யாரும் பெருசா எடுத்துக்கமாட்டாங்க சார்" என்றேன். "நான் கோபத்துல சொல்லலையேம்மா, சரின்னு நினைச்சுத்தானே சொன்னேன்" என்றார்.

பல்கலைக்கழகத்தில் நாங்கள் போய் நின்றபோது நாலரை தாண்டியிருந்தது. அந்தப் பிரிவு அதிகாரி நல்ல மனிதர். சீட்டைப் பார்த்தார், கடிதத்தைப் படித்தார், கண்ணாடியைக் கழற்றினார். "எதுக்கு சார் இந்த லெட்டர்? சீட்டு போதும். தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க, இப்பவே பெயரை அடிச்சிடுறேன். லெட்டரோட வாங்கினா இதை நான் மேல அனுப்பணும். உங்க நிர்வாகத்துக்கும் நகல் போகும்" என்றார்.

நிர்வாகம் என்றால் செயலாளர். கைதட்டலுக்கு நடுவே படியிறங்கிப் போன அதே ஆள். நான் மேஜைக்கு அடியில் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன், வெட்கமில்லாமல் இழுத்தேன். "லெட்டரோட வாங்கினா புள்ளை எழுதலாமா?" என்று கேட்டார். "எழுதலாம்." "அப்ப லெட்டரோடவே வாங்கிக்கோங்க."

முத்துமாரியின் பெயரை அந்த அதிகாரி சிவப்பு மையால் அடித்தபோது மணி ஐந்தாக ஏழெட்டு நிமிஷம் இருந்தது.

திங்கள்கிழமை ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். முதல்வர் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் மன்றாடினார். ராஜினாமா என்றால் இத்தனை வருஷ சர்வீஸும் போய்விடும், பென்ஷன் கிடையாது. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து விருப்ப ஓய்வு என்று எழுதினால் எல்லாம் கிடைக்கும். ஒரு சொல்லை மாற்றினால் போதும். "நான் விரும்பிப் போகலையே சார். அப்படி எழுதினா பொய்தானே?" என்றாராம். அன்று சாயங்காலமே நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு வேகமாக ஒரு கடிதம் எங்கள் கல்லூரியில் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

எனக்கு அவர் மேல் கோபம். சொல்லிவிடுகிறேன், இன்றும் கோபம். வீட்டில் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு நின்றார்கள். பாளையம்பட்டியில் ஒரு கடைக்கு மேலே டுட்டோரியல் வகுப்பில் செய்வினையும் செயப்பாட்டுவினையும் நடத்தி மீதிக் காலத்தை ஓட்டினார். அவர் மனைவி கோயிலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்தச் சீட்டைக் கண்டெடுத்தவள் நான்தானே. அந்த அம்மாவைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

பல வருஷம் இதை மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன். நோட்ஸில் குறை என்று ஒரு சொல் வருகிறதே, அவரிடம் என்ன குறை இருந்தது? மறதியா? மறதிக்கு யாரும் விழுவதில்லை, நான் மறக்காததா! அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அவருக்கு முன்னால் வாசல்கள் திறந்தபடியே இருந்தன. விசாரணையை விடச் சொல்லி நான் ஒன்று திறந்தேன். பொய் சொல்லி ஒன்று திறந்தேன். பழைய தேதி, அதிகாரியின் யோசனை, முதல்வரின் விருப்ப ஓய்வு. ஒவ்வொன்றையும் அவர் தன் கையாலேயே சாத்தினார். எந்தக் குணத்துக்காகப் பிள்ளைகள் கைதட்டினார்களோ அதே குணத்தால் சாத்தினார். எங்கே நிற்கவேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. நல்லது தனியாகவும் குறை தனியாகவும் இருந்தால் குறையை மட்டும் கிள்ளி எறிந்துவிடலாம். அவரிடம் இரண்டும் ஒன்றாக இருந்தது. கெட்டவன் விழுந்தால் நமக்குத் திருப்தி, அப்பாவி விழுந்தால் ஆத்திரம். இவரைப் போன்ற ஆள் விழும்போதுதான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறோம். இதை வகுப்பில் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளச் சொல்லாதீர்கள்.

முத்துமாரி பரீட்சை எழுதினாள். கடைசித் தாள் முடிந்த அன்று மதியம் என்னைத் தேடி வந்தாள்.

"எனக்காகவா மிஸ் அவுக வேலையை விட்டாக?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் அதை வாழ்நாள் முழுக்கச் சுமந்திருப்பாள். ஆனால் அது உண்மையும் இல்லை. "இல்லம்மா. உன் இடத்துல அந்தச் செயலாளர் வீட்டுப் பையன் இருந்திருந்தாலும் இதையேதான் செஞ்சிருப்பாரு. உனக்காக இல்ல" என்றேன். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை முழுக்க அழாதவள் அப்போதுதான் அழுதாள். "எனக்காகன்னா நன்றி சொல்லிட்டுப் போயிருவேன் மிஸ். யாருக்காகவும் இல்லன்னா, அவுகளுக்கு நான் என்ன செய்யிறது?"

தொண்ணூறுகளின் நடுவில் தலைவர் இருந்த அதே நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். ஒரு நாள் வீரசோழன் கிராமத்திலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவன் கலங்கிப்போய் வந்து நின்றான். என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போன நாட்கள், கையெழுத்தாகாத சீட்டு, நான் மறந்துபோய் மேஜை விரிப்புக்கு அடியில் வைத்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. பேனாவை எடுத்தேன், பழைய தேதியைப் போட்டேன், கையெழுத்திட்டேன், சீனிச்சாமியைப் பார்த்தேன். அவர் நோட்டில் ஏற்றினார். பையன் பரீட்சை எழுதினான். யாரும் விழவில்லை. நான் முழுப் பென்ஷன் வாங்குகிறேன்.

செய்தது தவறு என்று இன்றும் நினைக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் நீங்களும் அதையே செய்யுங்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் அந்தத் தேதியை எழுதும்போது என் கை கொஞ்சமாவது நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவே இல்லை.